அக்கா திரும்பக் கேட்ட நன்றி

கர்த்தருக்குள் இளைப்பாறும் எங்கள் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு ஜெபத்துக்கு வந்திருக்கும் உறவினர்களே, சபையாரே, அக்காவிடம் படித்த பிள்ளைகளே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் பலர் திருப்பிப் பார்த்திருப்பீர்கள். பின்னட்டை வெறுமையாக இருக்கிறது. அது அச்சகத்தார் செய்த பிழை அல்ல. அவர்கள் இரண்டு முறை போன் செய்து, "கடைசிப் பக்கத்துக்கு ஒண்ணும் தரலியே, ஒரு பூவாவது போடட்டா?" என்று கேட்டார்கள். ஒன்றும் போட வேண்டாம் என்று சொன்னவள் நான்தான்.

அந்தப் பக்கத்துக்கு ஆள் வராமல் இல்லை. மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு நிறுவனத்தின் அலுவலர் வீட்டுக்கு வந்தார். கையில் வழவழப்பான ஒரு தாள். அதில் அக்காவின் படம், படத்துக்கு மேலே நிறுவனத்தின் முத்திரை, கீழே அக்கா ஒரு மேடையில் சொன்ன நன்றி வார்த்தைகள். இதைப் பின்னட்டையில் போட்டால் மலர் முழுவதையும் தாங்களே அச்சிட்டுத் தருவதாகச் சொன்னார். தாளை மடித்து அவர் கையிலேயே கொடுத்து, சாயா போட்டுக் கொடுத்து அனுப்பினேன். சாயா கொடுத்தது அக்காவுக்காக. வீட்டுக்கு வந்தவரை ஒன்றும் கொடுக்காமல் அனுப்பினால் அவருக்குப் பிடிக்காது.

ஏன் அப்படித் திருப்பி அனுப்பினேன் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதப் போகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். நினைவு மலரில் கோபம் கூடாது என்று நினைப்பவர்கள் முதல் பக்கத்தில் உள்ள படத்தையும் வேத வசனத்தையும் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடலாம். நிறுவனத்தின் பெயரை எழுத மாட்டேன். பயந்து அல்ல. பெயரைப் போட்டால் அதுவும் அவர்களுக்கு ஒரு விளம்பரம். அக்காவின் மலரில் அதற்கு இடம் இல்லை.

எங்கள் அக்கா இராஜாக்கமங்கலத்துக்கு வடக்கே, குளத்தின் கீழ்க்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்கும் எனக்கும் பத்து வயது வித்தியாசம். அப்பா குளத்துப் பாசனத்தில் வயலைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்து நெல் பயிரிட்டவர். அம்மா கயிறு திரித்தார். அக்கா நாகர்கோவிலில் ஆசிரியப் பயிற்சிக்குப் போன காலத்தில் சீருடைச் சேலை ஒன்றுதான் இருந்தது. சாயங்காலம் வந்ததும் அலசி, நெல் அவிக்கும் அடுப்புப் பக்கம் கொடி கட்டிக் காயப்போடுவார். மறுநாள் அந்தச் சேலையில் புகை மணக்கும். கூடப் படித்த பெண்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்களாம். "பொத்தினா பொத்தட்டும், பரீட்சைல எனக்க பேப்பரத்தான முதல்ல கேட்டு வாங்குகாவ" என்று அக்கா சொல்லிச் சிரிப்பார். முதல் மதிப்பெண்ணோடுதான் வெளியே வந்தார்.

எங்கள் சபைப் பள்ளியில் முப்பத்து மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தார். அதில் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் தலைமையாசிரியை. அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்த அத்தானை மணந்தார். ஒரே மகள் இப்போது மஸ்கட்டில் நர்ஸ். அப்பா இறந்த பிறகு என்னைத் தட்டச்சுப் படிக்க வைத்தவரும் அக்காதான். நாகர்கோவில் நீதிமன்ற வாசலில் மனுவும் பிரமாணப் பத்திரமும் அடித்துக் கொடுத்து நான் இத்தனை ஆண்டு மரியாதையாகப் பிழைத்தேன் என்றால் அது அவர் போட்ட சோறு. அக்காவின் பள்ளியில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை உண்டு. சன்னலைத் திறந்தால் குளம்.

அக்காவைப் பற்றி நீங்கள் எல்லோரும் அறிந்த விஷயம் குளத்து நோட்டு. அது எப்படித் தொடங்கியது என்று பலருக்குத் தெரியாது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கட்டுரை எழுதச் சொன்னால் எல்லோரும் ஒரே உரைநூலைப் பார்த்து எழுதி வந்தார்கள். குளத்தங்கரையில் குடியிருக்கும் ஒரு பிள்ளை "எங்கள் ஊரில் அழகிய மலையருவி உண்டு" என்று எழுதியிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. கடைசிப் பிரிவேளையில் அக்கா எல்லோரையும் படித்துறைக்கு நடத்திக்கொண்டு போய் உட்காரவைத்து, கண்ணில் படுவதை எழுதச் சொன்னார். அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளியும் அதுதான் வேலை. மேலிருந்து எத்தனை படி தண்ணீருக்கு வெளியே தெரிகிறது, தண்ணீர் என்ன நிறம், மடை திறந்திருக்கிறதா, என்னென்ன பறவை இருக்கிறது. அக்கா போட்ட விதி ஒன்றே ஒன்று. "கண்டத மட்டும் எழுதணும் மக்கா. காணலேன்னா காணலேன்னு எழுதணும்."

ஒரு பக்கம் இப்படி இருக்கும்: "இன்று பதினொரு படி தெரிகிறது. தண்ணீர் பச்சை. ஆள்காட்டிக் குருவி இரண்டு. மீன்கொத்தியைக் காணவில்லை. மழை வந்ததால் பாதியில் ஓடிவிட்டோம்." இப்படி இருபது ஆண்டுக்கு மேல் எழுதிய நோட்டுகள் தலைமையாசிரியை அறை அலமாரியில் அடுக்கி இருந்தன. மடை திறப்பதில் வயல்காரர்களுக்குள் வாக்குவாதம் வந்தால் இரண்டு தரப்பும் பள்ளிக்கு வந்து, "டீச்சர், போன வருசம் இதே மாசம் எத்தனை படி கெடந்துன்னு பாத்துச் சொல்லுங்க" என்று கேட்பார்கள். பத்து வயதுப் பிள்ளை எழுதியதைப் பார்த்து வளர்ந்த ஆம்பிளைகள் சமாதானமாகிப் போவார்கள். ஒரு பள்ளிக்கூடத்துக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் பள்ளிக்குப் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். காலையில் மஞ்சள் வேன் வந்து நம் வீட்டு வாசலிலேயே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது. அந்த வேனில் பிள்ளைகளை ஏற்றிவிட்ட உறவினர்கள் பலர் இன்று இந்தப் பந்தலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். வருத்தப்பட வேண்டாம். உங்கள் பிள்ளைகளுக்கு நல்லது என்று நினைத்துச் செய்தீர்கள். ஆனால் அதனால்தான் பள்ளியை மூடிவிடலாம் என்ற பேச்சு சபைக் கமிட்டியில் வந்தது. அக்காவுக்குத் தூக்கம் போனது. அந்த நேரத்தில்தான் நிறுவனம் வந்தது.

பெரிய நிறுவனங்கள் லாபத்தில் ஒரு பங்கைக் கல்விக்கோ சுற்றுச்சூழலுக்கோ செலவழிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதற்குச் சமூகப் பொறுப்பு நிதி என்று பெயர். சட்டம் நல்ல சட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. அவர்களுடைய திட்ட அலுவலர், சிறு வயதுக்காரர், வந்து பள்ளியைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார். பள்ளியும் குளமும் ஒரே இடத்தில் இருப்பது அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பள்ளிக்கு நவீன வகுப்பறை, குளத்துக்குச் சீரமைப்பு, குளக்கரையில் சுற்றுச்சூழல் கல்வி மையம். எல்லாம் ஒரே வருடத்தில் முடியும் என்றார். குளத்து நோட்டுகளைப் பார்த்துவிட்டு, "மேடம், இது தங்கம் மேடம்" என்றார். கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுத் தருவதாகச் சொல்லி அவ்வளவு நோட்டையும் காரில் வைத்துக் கொண்டுபோனார். அக்கா சந்தோஷப்பட்டார். பள்ளி மூடப்படாது என்று நினைத்தார். நானும்தான் நினைத்தேன்.

இனி நம் சபையின் ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் கோயிலில் ஒரு மின்விசிறி கொடுத்தாலும் அதன் இறக்கையில் கொடுத்தவர் பெயரை எழுதிவிடுவோம். விசிறி சுற்றும்போது பெயர் தெரியாது, அது வேறு விஷயம். ஒரு மூட்டை சிமெண்டு தருகிறேன் என்று ஒருவர் வாயால் சொன்னாலே போதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நன்றி சொல்லிவிடுவோம். சிமெண்டு வந்ததா என்று அப்புறம்தான் பார்ப்போம். அதே வழக்கப்படி, கோயிலின் அறுப்பின் பண்டிகை மேடையில் நிறுவனத்தாருக்குப் பொன்னாடை போர்த்தவும், அக்கா நன்றி சொல்லவும் கமிட்டி ஏற்பாடு செய்தது. வேலை அப்போது தொடங்கவே இல்லை.

அக்கா தயங்கினார். "ஏட்டி, அவிய இன்னும் ஒரு கல்லு கூட எடுத்து வைக்கலியே. வேலை முடிஞ்ச பொறவு சொன்னா போராதா?"

"தேடி வாறவங்கள இப்படி நிறுத்தி வச்சுப் பேசாதக்கா. நல்லபடியா நாலு வார்த்தை சொல்லு. நான் அடிச்சுத் தாறேன்."

ஆமாம். அந்த நன்றியுரையைத் தட்டச்சு செய்தவள் நான். நீதிமன்ற வாசலில் எத்தனையோ பேருக்கு, முடியாத காரியத்தை முடிந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள் என்று புத்தி சொன்னவள். சொந்த அக்காவுக்கு மட்டும் அதைச் சொல்லவில்லை. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான் அடித்துக் கொடுத்ததை மேடையில் வாசித்தார். "எங்கள் குளத்துக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் நல்ல காலம் பிறந்திருக்கிறது. வாழ்நாள் முழுவதும் நன்றியுள்ளவளாக இருப்பேன்" என்று முடியும். கடைசி வரிக்கு முன்னால் அக்கா நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நிறுவனத்தார் மூன்று கேமராவில் அதைப் பிடித்தார்கள்.

பள்ளி விடுமுறை விட்டதும் வேலை தொடங்கியது. முதல் நாளே இயந்திரத்தைக் கொண்டுவந்து படித்துறையை உடைத்தார்கள். பிள்ளைகள் இருபது வருடமாக எண்ணிய படிகள் ஒரு மத்தியானத்துக்குள் கல்லும் மண்ணுமாகக் கிடந்தன. சரிந்து இறங்கும் கரையை வெட்டி நேராகச் சுவர் எழுப்பினார்கள். மாடு இறங்கித் தண்ணீர் குடிக்கும் துறை போயிற்று. ஓரத்தில் நின்ற கோரையையும் தாழையையும் அசிங்கம் என்று பிடுங்கினார்கள். ஆள்காட்டி முட்டை இடுவது தரையில். அதற்கு இந்த அலுவலர் ஒன்றும் தனியாக இடம் ஒதுக்கவில்லை. சுற்றிலும் டைல்ஸ் பதித்த நடைபாதை, அதற்கு உள்பக்கம் கம்பி வேலி, பூட்டுப்போட்ட வாசல், நம் கோயிலைவிடப் பெரிய ஒரு பெயர்ப்பலகை. அக்கா தினமும் போய்ச் சண்டை போட்டார். மேற்பார்வையாளர், "டிசைன் அப்படித்தாம்மா" என்றார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் குளத்துக்குள் போக வேண்டும் என்றால் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி அனுமதி வாங்க வேண்டும் என்றும் சொன்னார்கள்.

வகுப்பறைக்குச் சுவர் அகலத்தில் ஒரு திரை வந்தது. அதில் சுற்றுச்சூழல் பாடம் ஆங்கிலத்தில் ஓடும். பனிக்கரடி, உருகும் பனிப்பாறை, பென்குவின். வெளிச்சம் விழுந்தால் படம் தெரியாது என்று சன்னலை அடைத்துக் கனமான திரைச்சீலை போட்டுவிட்டார்கள். குளத்தைப் பார்த்துத் திறந்திருந்த சன்னல் அது. நம் பிள்ளைகள் குளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பென்குவின் பார்த்தார்கள். இதைச் சொல்லும்போது அக்கா சிரிப்பார். எனக்கு இன்றுவரை சிரிப்பு வரவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் நிறுவனம் ஒரு புத்தகம் அனுப்பியது. நல்ல கனமான தாள். இரண்டு பக்கத்தில் நம் குளம். இடப்பக்கம் திட்டத்துக்கு முன், வலப்பக்கம் திட்டத்துக்குப் பின். முன் படத்தில் காய்ந்த குளத்தில் இரண்டு கொக்கு. பின் படத்தில் நிறைந்த தண்ணீரில் கூட்டம் கூட்டமாகப் பறவை. பறவைகள் பல மடங்கு பெருகிவிட்டன என்று பெரிய எழுத்து. அதற்குக் கீழே அக்காவின் படமும், வாழ்நாள் முழுவதும் நன்றி என்ற அந்த வரியும். அதே வரி குளக்கரைப் பெயர்ப்பலகையிலும் ஏறியிருந்தது.

அக்கா புத்தகத்தை ஐந்தாம் வகுப்பில் சுற்றுக்கு விட்டார். ஒரு பெண்பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து கேட்டது: "டீச்சர், இந்தக் காஞ்ச குளம் ஏப்ரல் மாசம்லா? இந்தத் தண்ணி நெறஞ்ச படம் கிறிஸ்மஸுக்கு முன்னால உள்ளதுலா? கிறிஸ்மஸ் சமயம் தாரா எல்லா வருசமும் வரும்லா?"

குழந்தைக்குத் தெரிந்தது. வடக்கே இருந்து வரும் தாரா என்ற காட்டு வாத்து ஐப்பசிக்கு மேல் வரும், மாசிக்கு மேல் போய்விடும். ஏப்ரல் கடைசியில் குளம் வற்றிக் கிடக்கும். எந்த வருடமும் அப்படித்தான். பறவை வந்தது பறவையின் வழக்கம். அதை இவர்கள் தங்கள் சாதனை என்று அச்சடித்திருந்தார்கள். தெரியாமல் நடந்த தவறாக இருக்கும் என்று அக்கா முதலில் சொன்னார். யாரையும் சட்டென்று பொய்யர் என்று சொல்ல மாட்டார். நோட்டுகளைத் திருப்பித் தரும்படி மூன்று கடிதம் எழுதினோம். கடைசியில் ஒரு அட்டைப்பெட்டியில் வந்தன. நோட்டுகளில் கலர் தாள் ஒட்டி அடையாளம் வைத்திருந்தார்கள், எடுக்க மறந்துவிட்டார்கள். இருபது வருட நோட்டில் ஏப்ரல் பக்கங்களில் சிவப்புத் தாள். டிசம்பர் பக்கங்களில் பச்சைத் தாள். வேறு எந்த மாதத்திலும் ஒரு தாளும் இல்லை. எந்த மாதம் குளம் வற்றும், எந்த மாதம் பறவை வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. நம் பிள்ளைகளின் உண்மையை எடுத்து, அதை வைத்தே பொய்யைக் கட்டியிருக்கிறார்கள்.

அக்கா வெகுநேரம் அந்தத் தாள்களை ஒவ்வொன்றாக உரித்து மேசை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அவிய போட்டிருக்கது எனக்க வாயில இருந்து வந்த வார்த்தைதான். அதுல பொய் இல்ல. ஆனா நான் அதச் சொன்ன அன்னைக்கு குளத்துல படி இருந்துலாட்டி."

அதிலிருந்து அக்காவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த நன்றியை எடுத்துவிட வேண்டும். புத்தகத்திலிருந்தும், வீடியோவிலிருந்தும், பெயர்ப்பலகையிலிருந்தும். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை. கடிதம் எழுதினோம். அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில் வந்தது: "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி." நன்றியைத் திரும்பக் கேட்டவருக்கு நன்றி சொல்லிப் பதில் எழுதுகிற ஆட்களை என்ன செய்வது? ஒரு தடவை, நோட்டுகளைக் கொண்டுபோன அந்தத் திட்ட அலுவலர் நேரில் வந்தார்.

"மேடம், வீடியோ நீங்க சம்மதிச்சுத்தானே எடுத்தோம்?"

"சம்மதிச்சேன் மக்கா. செய்யப்போறதா சொன்னதுக்குச் சொன்ன நன்றி அது. செஞ்சதுக்கு இல்ல."

"ரிப்போர்ட் எல்லாம் மேலே போயாச்சு மேடம். இப்ப மாத்தினா எனக்குத்தான் பிரச்சினை."

"உனக்குப் பிரச்சினை வரக்கூடாதுன்னு நானும் ஜெபிக்கேன். ஆனா நான் காணாததக் கண்டேன்னு சொல்ல முடியாது. பிள்ளைகளுக்கு நான் அப்படியா சொல்லிக் கொடுத்திருக்கேன்?"

அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அடுத்த மாதம் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார். அவருக்குப் பிறகு வந்தவர்களுக்கு ஒவ்வொரு முறையும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

வெளியாட்களை மட்டும் திட்டினால் அக்கா ஒத்துக்கொள்ள மாட்டார். நம் ஆட்களையும் சொல்கிறேன். சபைக் கமிட்டியார் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, "டீச்சர், இந்தக் காரியத்த இத்தோட விட்டிருங்க. பாரிஷ் ஹாலுக்குப் பெயிண்ட் அடிச்சுத் தாறதா சொல்லியிருக்காவ" என்றார்கள். பெயிண்ட் அடித்தார்கள். ஹால் நன்றாகத்தான் இருக்கிறது. சில உறவினர்கள், "சும்மா கிடச்ச புண்ணியத்த ஏன் கெடுக்க?" என்று கேட்டீர்கள். குளத்துக் கீழ் வயல்காரர்கள் தவிர வேறு யாரும் அக்காவோடு நிற்கவில்லை. நடைபாதையில் காலையில் கை வீசி நடக்கிறவர்களுக்கு அந்த வேலிக்குள் என்ன நடந்தது என்பது வேண்டாத விஷயமாகப் போய்விட்டது. அக்கா அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றார். பிரிவு உபசார விழாவுக்கு நிறுவனம் ஒரு கேடயம் அனுப்பியது. அதில் அக்காவின் பெயரைவிட அவர்கள் முத்திரை பெரிது. அக்கா அதைக் கொண்டுவந்து கோழிக்கூட்டுக் கதவு சாத்தி நிற்க முட்டுக் கொடுத்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறது, வேண்டுமானால் கொல்லைப்பக்கம் போய்ப் பார்க்கலாம்.

ஓய்வுக்குப் பின்னும் ஒவ்வொரு வெள்ளியும் சாயங்காலம் குளத்துக்குப் போனார். உள்ளே விட மாட்டார்கள். வேலிக்கு வெளியே நின்றுதான் பார்ப்பார். அவரோடு இப்போது மேல்வகுப்பில் படிக்கும் பழைய பிள்ளைகள் நாலைந்து பேர் வந்து எழுதுவார்கள். "படி இல்லை. ஆள்காட்டியைக் காணவில்லை. தாரா வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விட்டது" என்று ஒரு டிசம்பர் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்துக்குப் பச்சைத் தாள் ஒட்ட யாரும் வரவில்லை.

சிறுநீரகம் கெட்டுப்போய் அக்கா படுத்தது இரண்டு ஆண்டு. வாரம் இரண்டு தடவை ரத்தம் சுத்திகரிக்க நாகர்கோவிலுக்குப் போக வேண்டும். ஒரு நாள் காலையில் அப்படிப் படுத்திருக்கும்போது, ஒரு நர்ஸ் பிள்ளை செல்போனைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தது. "டீச்சர், இது நீங்கதானே! இஞ்ச பாருங்க, டிவில வாறதுபோல வருது!" அக்காவின் குரல். எங்கள் குளத்துக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் நல்ல காலம் பிறந்திருக்கிறது. பின்னணியில் பாட்டெல்லாம் போட்டு, கண்ணாடியைத் துடைத்த இடத்தை மெதுவாக ஓடவிட்டிருந்தார்கள். அந்தப் பிள்ளை பாவம், சந்தோஷத்தில்தான் காட்டியது. அக்கா அதனிடம் சிரித்தார். அது போன பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கையில் ஊசி குத்தியிருந்தது. அசைய முடியாது. நான் கண்ணைத் துடைத்துவிட்டேன். அப்போது சொன்னார்:

"ஏட்டி, நீ அடிச்சுத் தந்ததுதான அது. நீயே அடிச்சு அதத் திரும்ப வாங்கு."

"வாங்குகேன் அக்கா."

"நான் போன பொறவு அவிய படம் போடுவாவ, பேரு வைப்பாவ. விட்டுராத கேட்டியா."

அடுத்த மாதம் அக்கா போய்விட்டார். சொன்னபடியே நடந்தது. அடக்கத்துக்கு ஒரு மலர்வளையம் வந்தது. அதில் நிறுவனத்தின் பெயர் தூரத்திலிருந்தே வாசிக்கும்படி இருந்தது. குளக்கரையில் பூட்டிக் கிடக்கும் கல்வி மையத்துக்கு அக்காவின் பெயரை வைக்கப் போவதாகக் கடிதம் வந்தது. பிறகு அந்தப் பின்னட்டைத் தாள். கொண்டுவந்த அலுவலர் போகும்போது, "நல்லதுக்குத்தானேம்மா, மேடத்தோட பேரு நிக்கும்" என்றார். எங்கள் அக்காவின் பெயர் நிற்க அவர்கள் சுவர் வேண்டாம். இருபது வருட நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அக்காவின் கையெழுத்து இருக்கிறது.

வழக்கப்படி நன்றி சொல்லி முடிக்க வேண்டும். யோசித்து, வேலையைச் செய்து காட்டியவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

இரண்டு ஆண்டும் ஒரு தடவைகூடத் தவறாமல் அக்காவை நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்த அத்தானின் பழைய ஓட்டுநர் நண்பருக்கு நன்றி. கடைசி வாரம் அக்காவுக்குத் தலை குளிப்பாட்டி, பின்னல் போட்டுவிட்ட அந்த நர்ஸ் பிள்ளைக்கு நன்றி. அந்த வீடியோவைக் காட்டியதற்காக அது அழுதது. அழ வேண்டாம் மக்கா, உன் மேல் தவறு இல்லை. ஒவ்வொரு வெள்ளியும் வேலி ஓரத்துக்கு நாற்காலி சுமந்து வந்து போட்டு, அக்கா எழுந்ததும் திருப்பி எடுத்துப்போன கீழ்வயல் அண்ணனுக்கு நன்றி. அக்கா போன பிறகும் ஒரு வெள்ளிகூட விடாமல் குளத்து நோட்டை எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு நன்றி. ஏப்ரலையும் டிசம்பரையும் கண்டுபிடித்துக் கேட்ட பெண்பிள்ளை இப்போது பத்தாம் வகுப்பு. அவள்தான் நோட்டை வைத்திருக்கிறாள். அக்கா படுத்த நாள் முதல் இன்றுவரை ஒரு சத்தமும் போடாமல், எல்லாவற்றையும் செய்த அத்தானுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்று ஜெபத்துக்குச் சமைத்தவர்களுக்கு நன்றியை நாளைக்கு நேரில் வந்து சொல்கிறேன். இதை எழுதும்போது இன்னும் அடுப்பே மூட்டவில்லை.

இனி ஒன்று பாக்கி இருக்கிறது. அதைக் கீழே முறைப்படி எழுதியிருக்கிறேன். ஜெபத்தின் முடிவில் இதை வாசிக்கும்படி போதகரிடமும் கொடுத்திருக்கிறேன். சபையார் எழுந்து நின்று கேட்கும்படி வேண்டிக்கொள்கிறேன். நன்றி சொன்ன அன்று எல்லோரும் எழுந்து நின்றுதான் கைதட்டினோம்.

"எங்கள் ஊர்ப் பள்ளியையும் குளத்தையும் நன்றாக்கித் தருவதாகச் சொல்லி வந்த நிறுவனத்துக்கு, வேலை தொடங்கும் முன்பே, அறுப்பின் பண்டிகை மேடையில் எங்கள் அக்கா நன்றி சொன்னார். வேலை முடிந்தபின் அவர் அதைக் கண்டு நன்றி சொல்லவில்லை. சொன்ன நன்றியை உயிரோடு இருக்கும்போதே பலமுறை திரும்பக் கேட்டார். கொடுக்கவில்லை. ஆகவே அந்த நன்றியை, அவர் விருப்பப்படி, அவருக்காக, சபையாரும் உறவினரும் அறிய, இன்று நாங்கள் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். இனி அது அவர்களுடையது அல்ல."

தட்டச்சு செய்தவள்: தங்கை.